விண்கப்பலில் ஒரு நிர்வாக சபை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு நாகரிகத்தை அழித்துவிட்டேன்.

எடுத்த நேரம் இரண்டரை மணித்தியாலம். நடுவில் தேத்தண்ணி போடவும் ஒருமுறை எழும்பினேன். என் கணவர் உடந்தை.

பதற வேண்டாம். நாங்கள் குடியிருக்கிற மல்வேர்ன் அப்படியேதான் இருக்கிறது. அழிந்தது எங்கள் சாப்பாட்டு மேசையில், நாலு கிராஃப் பேப்பரை ஒட்டி வரைந்திருந்த ஒரு விண்கப்பல். வரைந்தவள் மயூரி. என் மகள் அபியின் வகுப்புத் தோழி. இரண்டு பேருக்கும் பதினாலு வயது.

உங்கள் வீட்டில் அந்த வயதில் பிள்ளைகள் இருந்தால் இந்த விளையாட்டைக் கண்டிருப்பீர்கள். கொம்பியூட்டர் வேண்டாம், ரீவி வேண்டாம். பென்சில், பேப்பர், பல பக்கங்கள் உள்ள தாயக்கட்டை மாதிரி ஒரு சாமான். ஒருத்தி கதை சொல்லுவாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், தப்பி ஓடுவார்கள். நினைத்தது நடக்குமா இல்லையா என்பதைக் கட்டையை உருட்டித் தீர்ப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்றுமே விளங்காது. நாலு பெட்டைகள் மேசையைச் சுற்றி இருந்து, 'ஒட்சிசன் முடியுது' என்று பெருமூச்சு விடுவார்கள்.

கதை சொல்லுகிறவள் எப்போதும் மயூரிதான். வகுப்பில் வாயே திறக்கமாட்டாளாம். எங்கள் மேசையில் அவளுக்குப் பத்துக் குரல். கப்டன், ரோபோ, நோய் வந்த விஞ்ஞானி, கோபக்கார வேற்றுக்கிரகவாசி... எல்லாம் அவளேதான். இடது கையில் கட்லெட், வலது கையில் கட்டை. அவளுக்கு ஒரு கட்லெட் கூடப் போடுகிறேன் என்று அபிக்கு மனத்தாங்கல். போடத்தான் செய்தேன். அந்தப் பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மயூரிக்கு ஒரு கேள்வி இருந்தது. கடைகளில் விற்கிற விண்வெளி விளையாட்டு எதை எடுத்தாலும் அதில் ஒரு சக்கரவர்த்தி இருக்கிறானாம். பிரபுக்கள் இருக்கிறார்கள், அடிமைகள் இருக்கிறார்கள். வெளிச்சத்தை விட வேகமாகப் போகிற கப்பல், நினைத்ததைச் செய்து தருகிற மெஷின், சாவையே தள்ளிப்போடுகிற மருந்து... அவ்வளவும் கண்டுபிடித்த சனம், பிறகு ஏன் ஒரு ராசாவுக்கு முன்னால் முழந்தாளில் நிற்கிறது? ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

நான் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள். பதில் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. வில்லன் இல்லாவிட்டால் விளையாட்டு விற்காது பிள்ளை, அதுதான், என்று சொல்லி வைத்தேன். அவள் மரியாதைக்குத் தலையாட்டினாள். ஏற்றுக்கொள்ளவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அதற்காகத்தான் அந்தக் கப்பலை உண்டாக்கினாள். பத்தாயிரம் பேர், முன்னூறு வருசப் பயணம். பொத்தானை அமத்தினால் சாப்பாடு வரும். தோசையும் வரும், பீட்சாவும் வரும். உடுப்புத் தானே தோயும். காசு கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு அறை. மாடி மாதிரி மூன்று தட்டுக் கட்டியிருந்தாள்... கப்பல் என்றால் தட்டு வேண்டுமே, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. பெரும்பாலான சனம் குளிர்ப்பெட்டிக்குள் நித்திரை. வேலைக்கு ஆள் தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக எழுப்புவார்கள். ராசா இல்லை, மந்திரி இல்லை. இது தாக்குப்பிடிக்குதா பார்ப்பம் என்றாள்.

ஐந்து ஞாயிறு தாக்குப்பிடித்தது. பெட்டைகள் எரிகல்லோடு போராடினார்கள், ஓட்டை அடைத்தார்கள், ஆளை ஆள் காப்பாற்றினார்கள். ஆறாவது ஞாயிறு, மற்ற இரண்டு பெட்டைகளுக்கும் கொப்புளிப்பான், அம்மை. அக்காவும் தங்கச்சியும், ஒரே வீடு. விளையாட ஆள் காணாது.

'அம்மா, நீங்களும் அப்பாவும் வாங்கோவன்' என்றாள் அபி. விதி என்பது இப்படித்தான் கதவைத் தட்டுகிறது.

என் கணவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தங்கமான மனுசன். ரொறன்ரோவுக்கு வந்த நாள் தொடக்கம் பழைய மாணவர் சங்கம், ஊர் முன்னேற்றச் சங்கம், பூப்பந்துக் கழகம் என்று மூன்றில் உறுப்பினர். அவருக்குக் கப்பலில் தண்ணீர் சுத்திகரிக்கிற வேலை கொடுத்தாள் மயூரி. சுற்றிப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி:

'பிள்ளை, இவ்வளவு சனம் இருக்கு... ஒரு சங்கம் இல்லையோ?'

இல்லை அங்கிள் என்றாள். அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நீங்கள் கண்டிருக்க வேண்டும். கால் மணித்தியாலத்தில் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர். காசே இல்லாத கப்பலில் பொருளாளர் எதற்கு என்று அபி கேட்டாள். பொருளாளர் இல்லாமல் சங்கமா என்றார். அரை மணித்தியாலத்தில் போஷகர்கள் வந்தார்கள். முக்கால் மணித்தியாலத்தில் சங்கம் இரண்டாக உடைந்தது. அதையும் அவரேதான் உடைத்தார்.

சிரிக்காதீர்கள். என் பங்கு இனித்தான் வருகிறது.

எனக்குத் தந்தது பதிவாளர் வேலை. குளிர்ப்பெட்டி திறந்து எழும்புகிறவர்களை வரவேற்று, பெயர் பதிந்து, அறை காட்ட வேண்டும். சின்ன வேலை. முதல் பெட்டி திறந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு எஞ்சினியர் எழும்பினார்... மயூரியின் குரலில். நூறு வருச நித்திரையால் எழும்பின மனுசனிடம் நான் கேட்டது என்ன தெரியுமா?

'நீங்கள் எந்த இடம்?'

முதலாம் தட்டு என்றார். அதிலை எவடம்? எந்தப் பக்கத்துப் பெட்டி? பக்கத்துப் பெட்டிக்காரர் ஆர்? நான் கேட்டுக்கொண்டே போனேன். மயூரி ஒவ்வொன்றுக்கும் பதில் கண்டுபிடித்துக்கொண்டே வந்தாள். அபி மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினாள். நான் கவனிக்கவில்லை.

வாசகர்களே, ஒன்றும் தெரியாத மாதிரி இருக்காதீர்கள். கடை வரிசையில், கலியாண மண்டபத்தில், டாக்டரின் வெளி அறையில், புது முகம் ஒன்றைக் கண்டால் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதானே? எந்த இடம்? பிறகு, அங்கை எவடம்? பிறகு, எந்தக் கோயிலடி? நட்புக்குத்தான் கேட்கிறோம் என்போம். பாதி உண்மை. மூன்றாவது பதிலோடு எங்கள் மனதுக்குள் ஒரு கணக்கு முடிந்துவிடும். அந்தக் கணக்குக்குப் பெயர் சாதி. வாயால் சொல்லமாட்டோம். வெறுமனே, 'ஆ... ஓமோம்' என்போம்.

கப்பலிலும் நான் அதைத்தான் செய்தேன். அரை மணித்தியாலத்துக்குள் முதலாம் தட்டுக்காரர் கப்பலின் சொந்தக்காரர் ஆனார்கள். மூன்றாம் தட்டுக்காரர் கடைசியாக எழும்பினவர்கள், ஆகவே 'நேற்று வந்ததுகள்'. என் கணவரின் இரண்டு சங்கமும் ஒரேயொரு விஷயத்தில் ஒத்துப்போயின... மூன்றாம் தட்டுக்கு இப்போதைக்கு அங்கத்துவம் இல்லை.

சாப்பாட்டு மெஷினுக்கும் ஒரு சட்டம் போட்டேன். நான் ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல. மூன்றாம் தட்டுக்காரரும் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஆனால் பொத்தானை அவர்கள் தொடக்கூடாது. முதலாம் தட்டுக்காரர் ஒருவர் அமத்தி எடுத்துக் கொடுப்பார்.

'ஏன் அன்ரி?' என்று கேட்டாள் மயூரி.

'ஒரு ஒழுங்குக்குத்தான் பிள்ளை.'

நினைக்க நினைக்க எனக்கே இப்போது கூசுகிறது. கை படாமல் சமைக்கிற மெஷின். பேப்பரில் பென்சிலால் போட்ட ஒரு வட்டம்தான் பொத்தான். அதை யார் தொட்டால் எனக்கென்ன?

அடுத்த பெட்டி திறந்தது. மூன்றாம் தட்டுப் பெண் ஒருத்தி. மயூரி இந்த முறை குரலை மாற்றவில்லை. பேப்பரைப் பார்த்தபடியே இருந்தாள். நான் வழக்கம்போல எந்த இடம் என்று கேட்டேன்.

'சின்ன இடம் அக்கா. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது.'

எனக்குச் சுருக்கென்றது. இந்த வசனத்தை நான் முதலும் கேட்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் தொடங்கின புதிதில், மயூரியை முதன்முதலாக எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தது அவளுடைய அம்மா. வாசலிலேயே வைத்துக் கேட்டேன், எந்த இடம் என்று. சின்ன இடம் அக்கா, சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது என்று சிரித்துக்கொண்டு சொன்னார். நான் விடவில்லை. சுற்றிவர உள்ள ஊர்ப் பேர்களைச் சொன்னேன், கோயில்களைச் சொன்னேன், ஒரு வாத்தியாரின் பேரைச் சொல்லித் தெரியுமா என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அதற்குப் பிறகு மகளை றோட்டு முனையோடு விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மற்றவர்களைப் பற்றி முடிவு கட்டுவது எனக்குச் சுலபம்.

மயூரி கட்டையை உருட்டவில்லை. பேப்பரை மெதுவாக மடித்தாள். கப்பல் முடிஞ்சுது, வீட்டை போகோணும் என்றாள். கட்லெட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். என் கணவர் அப்போதும் சங்கத்துக்கு யாப்பு, அதுதான் சட்டதிட்டம், எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அபி ரெலிபோன் எடுத்தால் வீட்டுப்பாடம் என்று பதில். பள்ளிக்கூடத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லுகிறாளாம், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு மேசையாம். நானும் என் பங்குக்கு, இந்த வயதுப் பெட்டைகள் இப்படித்தான், நாளைக்குச் சரிவரும் என்றேன்.

அபி சத்தம் போடவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

'எனக்கு இருக்கிற ஒரே பெஸ்ட் ஃப்ரெண்ட் அவள்தான். அவளின்ரை அம்மாட்டை நீங்கள் என்னத்துக்கு அதைக் கேட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை, அவ்வளவுதான்.'

அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு இது ஒன்றும் விளங்காது, கனடாவில் வளருகிறதுகள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதினாலு வயதில் இரண்டு பெட்டைகள், எங்களுடைய வெட்கக்கேட்டைச் சுற்றி நடந்துபோகப் பழகியிருக்கிறார்கள். ஒருத்தருக்கொருத்தர் நோகாமல். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகள்! எங்களால் அது ஏன் முடியவில்லை?

மயூரியின் பெரிய கேள்விக்கு எனக்குக் கிடைத்த சின்னப் பதிலைச் சொல்லுகிறேன். இல்லாமைதான் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம், எல்லாருக்கும் எல்லாம் கிடைத்தால் அது போய்விடும் என்று நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். சோறு தட்டுப்பாடாக இருந்தால் சோற்றுக்கு அடிபடுவோம், சரி. சோறு மலை மாதிரிக் குவிந்திருந்தால்? யார் போட்டுக் கொடுப்பது என்று அடிபடுவோம். வயிறு நிறைந்தாலும் எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஒருவர் நின்றால்தான் மனம் நிறைகிறது. மெஷின் எவ்வளவு முன்னேறினாலும் அதில் ஏறுகிறவர்கள் நாங்கள்தானே. நான் மூவாயிரமாம் ஆண்டுக்குப் போனேன். போகும்போது அந்தக் கேள்வியையும் கையோடு கொண்டுபோனேன்.

'நீர் ஒருக்கா நேரை போய்க் கதையும்' என்றார் கணவர். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. ஊர், கோயில், வாத்தியார் எல்லாம் விசாரித்த நான் மயூரியின் அம்மாவின் பெயரைக் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் போனேன். எங்கள் ரவுன்ஹவுசிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள உயரமான அப்பார்ட்மென்ட். பதினோராம் மாடி. கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு திடுக்கிட்டார், உடனே உள்ளே வாங்கோ என்றார். சோபாவில் இருந்த துவாயை எடுத்து மடித்தார். தேத்தண்ணி வந்தது.

ஒரு புதினமான விஷயம் கேளுங்கள். எனக்குக் கதைக்க வாய் வரவில்லை. ஊரெல்லாம் வாயாடி என்று பேரெடுத்த எனக்கு! ஒரு தமிழ் மனுசியோடு கதை தொடங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தக் கேள்விதான். அது நாக்கு நுனி வரை வந்து வந்து போனது. அதை விழுங்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே வேறொன்றும் இல்லை. நாற்பத்தி மூன்று வயதில் இப்படி ஒரு வறுமையா?

கடைசியில், 'உங்கடை பேர் என்ன?' என்று கேட்டேன்.

'புவனா' என்றார். பிறகு, 'உங்களை எனக்கு நல்லாத் தெரியும் அக்கா. ஒவ்வொரு நாளும் விடிய பஸ்ஸிலை நீங்கள் குனிஞ்சபடி எழுதிக்கொண்டு வாறதைக் காணுறனான்.'

எந்த பஸ் என்று கேட்டேன்.

'நீங்கள் வாற பஸ்தான். உங்களுக்கு ரெண்டு ஸ்டொப் தள்ளி ஏறுறனான். நீங்கள் முன்னுக்கு இருப்பீங்கள். நான் உங்களைத் தாண்டிப் பின்னுக்குப் போயிடுவன்.'

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னார். வாசலில் கண்ட நாளிலிருந்து ஆறு மாதமாக ஒவ்வொரு காலையும் இந்தப் பெண் என்னைக் கடந்து பின்னுக்குப் போயிருக்கிறார். நான் தலை நிமிராமல் சமுதாயம் திருந்த எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கு வாசலில் வைத்து அப்படிக் கேட்டது பிழை என்று சொன்னேன். பத்தியில் எழுதுகிற மாதிரி அழகாக வரவில்லை. தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

புவனா கோப்பையைக் கீழே வைத்தார்.

'கேட்டது பரவாயில்லை அக்கா. எல்லாரும் கேக்கிறதுதான். கேட்டாப்பிறகு பதிலுக்குக் காத்துக்கொண்டு நிக்கிற முகம் இருக்கெல்லே... அதைத்தான் என்ரை பிள்ளை காணக்கூடாது எண்டு நினைச்சனான்.'

அவர் கையைப் பிடித்தேன். அவர் இழுத்து எடுக்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மகளை நான் மறிக்கவில்லை, அவள்தான் கொஞ்ச நாள் வேண்டாம் என்றவள் என்றார் புவனா. அந்த நேரம் பார்த்து அறைக்கதவு திறந்தது. மயூரி. கையில் புதுக் கிராஃப் பேப்பர். இவ்வளவு நேரமும் உள்ளேயிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள், கள்ளி.

'அன்ரி, பிழை ஷிப்பிலையும் இருந்தது' என்றாள். 'சாப்பாடு இருந்தால் போதும் எண்டு நினைச்சிட்டன். திருப்பி டிசைன் பண்ணுறன்.'

நாளைக்கு வாவன் பிள்ளை என்றேன். வாறன் என்றாள். ஒரு நிபந்தனை... புதுக் கப்பலில் அப்பா அம்மாமாருக்கு இடமில்லையாம். தாயும் நானும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

அடுத்த நாள் வந்தாள். அபி கதவடியிலேயே அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். என் கணவர் யாப்புப் பேப்பரோடு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பாவம், இரண்டு சங்கமும் கலைந்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

திங்கட்கிழமை விடிய வேலைக்குப் போகிற பஸ்ஸில் நான் எழுதுகிற கொப்பியை வெளியே எடுக்கவில்லை. இரண்டாவது ஸ்டொப்பில் புவனா ஏறினார். பக்கத்து சீற்றில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கணம் நின்றார். பிறகு வந்து இருந்தார்.

என்ன கதைத்தீர்கள் என்று ஆவலாக இருப்பீர்கள். ஒன்றும் கதைக்கவில்லை. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே ஹீற்றர் சூடு. இரண்டு பேரும் நாலரைக்கு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு வந்தவர்கள். ஐந்து நிமிடத்தில் புவனாவின் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. நான் இறங்க வேண்டிய ஸ்டொப் வந்தது. போனது. அவர் இறங்குகிற கடைசி ஸ்டொப் வரைக்கும் நான் அசையவில்லை.

ஏன் அரை மணித்தியாலம் பிந்தி என்று வேலையிடத்தில் சுப்பவைசர் கேட்டார். என் சிநேகிதி நித்திரை என்றேன்.